சேர்மன் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை

அத்தியாயம் 9

“நிதுசன், ஆட்டோவைக் கழுவித் துடைச்சு வை. இண்டைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறம்.”

சுல்பிகா மெடம் இப்படிச் சொன்னதும் நான் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீ மூக்கு வழியாக வந்தது. கல்முனை பஸாரில், போன் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் அவர் விசாரணை நிலையம் திறந்து நான்கு வருடமாகிறது. களவுபோன மோட்டார் சைக்கிள், ஓடிப்போன புருஷன், காணாமற்போன எருமை என்று என்னவெல்லாமோ தேடியிருக்கிறோம். மாப்பிள்ளை தேடியது கிடையாது.

“உங்களுக்கா மெடம்? அப்பிடியெண்டா முதல்ல மாப்பிள்ளைக்குப் பிணை எடுத்து வைப்பம்.”

“எனக்கில்ல. சேர்மன் மர்சூக்ட மகளுக்கு.”

என் சிரிப்பு நின்றுபோனது. மூலைக் கதிரையில் இருந்த அஸ்மியா தலையை நிமிர்த்தினாள்.

அஸ்மியாதான் எங்களிடம் வழக்கைக் கொண்டு வந்தவள். தில்லைமுனையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவள். அவளுடைய வாப்பா ஷரிபுதீன், தில்லைமுனை மீனவர் சங்கத் தலைவர், இரண்டு மாதமாக விளக்கமறியலில் கிடக்கிறார். சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலைக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தீ வைத்தாராம். தான் முன்னின்று கட்டிய தொழிற்சாலைக்குத் தானே தீ வைக்க அந்த மனிதருக்கு என்ன பைத்தியமா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். பொலிஸ்தான் கேட்கவில்லை.

காரணம் சேர்மன் மர்சூக்.

மர்சூக் கதவை உடைத்துக்கொண்டு வந்தவரல்ல. வாக்குப் போட்டு, மாலை போட்டு, பட்டாசு கொளுத்தி, ஊரே தோளில் தூக்கிக் கொண்டுபோய்ப் பிரதேச சபைக் கதிரையில் வைத்தது. முதல் வருடம் கடற்கரை வீதிக்கு விளக்கு வந்தது. அடுத்த வருடம் மீன் ஏல மண்டபம் அவருடைய மச்சினன் ஜவுபரின் கைக்குப் போனது. பிறகு ஊர்ச் செய்தி போடும் முகநூல் பக்கம் ஆள் மாறியது. ஜவுபர் மீது வந்த முறைப்பாட்டை எழுதி எடுத்த பொலிஸ் அதிகாரிக்கு ஒரே வருடத்தில் மூன்று இடமாற்றம் வந்தது. அந்த அதிகாரி வேறு யாருமல்ல, சுல்பிகா மெடம்தான். கடைசியில் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்.

மீனவர் சங்கத்தில் அதுவரை இரகசிய வாக்கெடுப்பு இருந்தது. “நமக்குள்ள ஒளிவுமறைவு என்னத்துக்கு?” என்று சேர்மன் சிரித்துக்கொண்டே கேட்டார். கையுயர்த்தும் முறை வந்தது. அதே கையோடு ஜவுபர் ஒரு ஐஸ் தொழிற்சாலை போட்டார். கூட்டத்தில் எவன் கை உயரவில்லையோ, அவன் தோணி கரைக்கு வரும்போது ஜவுபரிடம் ஐஸ் முடிந்துபோயிருக்கும். எங்கள் ஊர் வெயிலில் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்? மனிதர்கள் கை உயர்த்தப் பழகினார்கள். எதுவும் சட்டத்துக்கு வெளியே நடக்கவில்லை. எல்லாம் கூட்டம் கூடி, தீர்மானம் போட்டு, ஸலவாத்துச் சொல்லித்தான் நடந்தது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

மிஞ்சியிருந்தது சங்கத்தின் சொந்த ஐஸ் தொழிற்சாலை ஒன்றுதான். அது இருக்கும்வரை கை உயர்த்தாதவனும் பிழைக்கலாம். அது எரிந்தது. அது எரிந்த பழி, அதைக் கட்டியவர் தலையில் விழுந்தது. ஷரிபுதீன் உள்ளே போனதும் ஜவுபர் பதில் தலைவரானார். இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கத்தின் பொதுக்கூட்டம். எரிந்த காணியையும் அதை ஒட்டிய தோணித்துறையையும் முப்பது வருடக் குத்தகைக்கு ஜவுபரின் கம்பனிக்கே கொடுக்கப் போகிறார்கள்.

இத்தனைக்கும் வழக்கில் இருப்பது ஒரேயொரு சாட்சி. அட்டாளைச்சேனையைச் சேர்ந்த பர்ஸான் என்ற இளைஞன். விடியற்காலையில் கடல் பார்க்க வந்தானாம், கேனோடு ஓடிய ஷரிபுதீனைக் கண்டானாம். தில்லைமுனையில் தனக்கு ஒருவரையும் தெரியாது என்று சத்தியம் செய்திருக்கிறான். “அந்தப் பிள்ளை யாரெண்டே எனக்குத் தெரியாது. அல்லாஹ் அனுப்பின சாட்சி” என்று சேர்மனும் தன் முகநூல் பக்கத்தில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். அந்தச் சாட்சி விழுந்தால் பிணை நிச்சயம் என்கிறார் எங்கள் சட்டத்தரணி தம்பிமுத்து. விழாவிட்டால், சர்க்கரை வியாதிக்காரரான ஷரிபுதீன் உள்ளேயே முடிந்துவிடுவார்.

“மெடம், சாட்சியை விழுத்தச் சொன்னா நீங்க எதிரிட மகளுக்குக் கலியாணம் பேசுறீங்க. பந்தல் செலவும் நாங்களா?”

“நீதிமன்ற வாசல்ல பர்ஸான் சிகரட் பத்திக்கிட்டு நிண்டான். ஞாபகம் இரிக்கா?”

“ஓம். என்னட்டத்தான் நெருப்புக் கேட்டவன்.”

“சேர்மன்ட வாகனம் வந்துது. அவன் என்ன செஞ்சான்?”

நான் யோசித்தேன். “சிகரட்டை முதுகுக்குப் பின்னால ஒளிச்சான். மறுகா காலுக்குக் கீழ போட்டு மிதிச்சான்.”

“தெரியாத அரசியல்வாதியைக் கண்டா இந்தக் காலத்துப் பொடியன் என்ன செய்வான்?”

“செல்பி எடுப்பான்.”

“சிகரட்டை ஆருக்கு ஒளிப்பான்?”

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அப்பாவுக்கு ஒளிப்பான். மாமாவுக்கு ஒளிப்பான். சொந்தத்தில் மூத்த ஆம்பிளைக்கு ஒளிப்பான்.

“ஆனா என்ன முறை எண்டு எனக்குத் தெரியாது,” என்றார் மெடம். “கேட்டா செல்ல மாட்டாங்க. கேக்காம செல்ல வைக்கணும்.”

அஸ்மியா எழுந்து ஜன்னலருகே போனாள். அவளுக்கு ஒரு இடத்தில் நிச்சயமாகியிருந்தது. வாப்பா கைதான கிழமையே அவளுடைய படத்தைச் சேர்மனின் முகநூல் பக்கம் போட்டு, கண்டதையும் கடியதையும் எழுதியது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு போனில் முடித்துக்கொண்டார்கள்.

“நஸ்லாட பேர் இதுல அடிபடுமா?” என்று நான் கேட்டேன். சேர்மனின் மகள் நஸ்லா பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. எந்தப் பாவத்திலும் பங்கில்லாதவள்.

“பொண்ணு கேட்டுப் போறது குத்தமில்ல. ஏலாதெண்டு செல்றதும் குத்தமில்ல,” என்றார் மெடம்.

“அடிபட்டா அடிபடட்டும்,” என்றாள் அஸ்மியா, திரும்பாமலே. “என்ட பேர ஊர் வாயில போட்டவர் அவர். அது வீட்டுக்குள்ள வந்தா எப்பிடி இரிக்கும் எண்டு அவருக்கும் தெரியணும். வாப்பா வெளிய வாறது மட்டும் எனக்குக் காணாது ராத்தா. அவர் இறங்கணும். எல்லாருட கண்ணுக்கு முன்னால இறங்கணும்.”

மென்மையான பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள். அவள் குரலில் இரக்கமே இல்லை. பிழை என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

*

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். சாய்ந்தமருதுச் சந்தியில் தரகர் றபீக்கா ஏறிக்கொண்டார். கறுப்பு அபாயா, கைப்பையில் நாலைந்து குமர்களின் படங்கள், வாயில் ஓயாத கதை. காரைதீவு தாண்டுவதற்குள் என் வயதையும் சம்பளத்தையும் கேட்டு, இரண்டுக்கும் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

“றபீக்கா ராத்தா, இதுல உங்கட தொழிலுக்குக் கெட்ட பேர் வராதா?” என்று கேட்டேன்.

“வரட்டும் மனே. என்ட மகன் போன கூட்டத்துல கை தூக்கல்ல. அண்டையில இருந்து ஒரு கட்டி ஐஸ் குடுக்கிறாங்க இல்ல. புடிச்ச பாரையெல்லாம் கருவாட்டுக்குப் போகுது. எனக்குக் கெட்ட பேர் வந்தாலும் பரவாயில்ல, அந்தச் சேர்மனுக்குக் கெட்ட நாள் வரணும்.”

நிந்தவூர் கடந்து, ஒலுவில் கடந்து, வயல்களுக்கு நடுவே ஆட்டோ ஓடியது. மெடம் பின்னாலிருந்து திட்டத்தை விளக்கினார்.

இந்தக் கரையில் குடி என்னும் குலம் தாயைப் பிடித்து வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. உம்மாவும் உம்மாவும் அக்கா தங்கை முறையென்றால், பிள்ளைகள் ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி. மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை, ஊரில் தடை. கொழும்பில் இருப்பவருக்கு இது விளங்காது. எனக்கு விளங்கும், ஏனென்றால் எங்கள் தமிழ் ஆட்களிடமும் இதே வழக்கம்தான். என்ன, கோயிலில் முதல் மரியாதைக்குச் சண்டை பிடிக்கும்போது மட்டும் எங்களுக்குக் குடி ஞாபகம் வரும்.

“பர்ஸான்ட உம்மா பாஹிமாட்ட றபீக்கா போய், சேர்மன்ட மகளை உங்கட மகனுக்குப் பேசலாமா எண்டு கேப்பா,” என்றார் மெடம். “அவங்க அந்நியமெண்டா பாஹிமா சந்தோசத்துல குதிப்பா. சேர்மன் வீட்டுச் சம்பந்தம் ஆருக்குக் கசக்கும்? சேர்மன்ட ராத்தா தங்கச்சிட பொடியனெண்டா முறைப்பொண்ணு. ‘எங்கட மாமாட மகள்தானே’ எண்டு வாய் தவறும். ஒரே குடியெண்டா அந்த இடத்துலயே வெடிக்கும். எப்பிடியும் ஒண்டு வெளிய வரும்.”

“பாஹிமா பொய் சொன்னா?”

“பொலிசுக்குப் பொய் செல்லலாம். நீதவானுக்குச் செல்லலாம். கலியாணம் பேச வந்தவளுக்குக் குடி விசயத்துல பொய் செல்ல ஒரு உம்மாவும் துணிய மாட்டா. நாளைக்கு அந்தப் பொய் படுக்கையறை வரைக்கும் போயிரும்.”

“ஓம் ஓம்,” என்று றபீக்கா தலையாட்டினார். “முப்பது வருசம் இந்தத் தொழில் செய்றன். பொடியன்ட வயசு பொய், படிப்பு பொய், தலைமயிர்கூடப் பொய். குடி மட்டும் உண்மை.”

பாஹிமாவின் வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. புதிதாகப் பூசிய மதில், புதிய கேட், முற்றத்தில் புத்தம்புதிய மோட்டார் சைக்கிள். கடல் பார்க்கப் போன பொடியனுக்குக் கடல் நிறையவே கொடுத்திருந்தது.

சற்றுத் தள்ளி மாமர நிழலில் ஆட்டோவை நிறுத்தினேன். மெடத்துக்குப் போன் எடுத்து, அதை அணைக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு றபீக்கா உள்ளே போனார். நாங்கள் இருவரும் ஆட்டோவுக்குள் குனிந்து, மெடத்தின் போனில் காதை வைத்தோம்.

ஸலாம் சொல்லும் சத்தம். கதிரை இழுபடும் சத்தம். மழை, நெல் விலை, யாரோ ஒருவரின் முழங்கால் வலி. றபீக்கா அவசரப்படவில்லை. ஒரு கட்டத்தில் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கட மகனுக்கு ஒரு நல்ல இடம் வந்திரிக்கி பாஹிமா. பெரிய இடம்.”

“எந்த ஊர்?”

“தில்லைமுனை. சேர்மன் மர்சூக்ட ஒரே மகள். நஸ்லா.”

 மெடம் போனின் சத்தத்தைக் கூட்டினார்.

“அஸ்தஃபிருல்லாஹ்!” பாஹிமாவின் குரல் போனைக் கிழித்தது. “ஆரு உன்ன அனுப்பினது? உனக்குப் பயித்தியமா? நஸ்லா இவனுக்குத் தங்கச்சி! இவன் அவளுக்கு நானா!”

“தங்கச்சியா? எப்பிடிக்கா?”

“நதீராட உம்மாவும் என்ட உம்மாவும் ஒரு வயித்துல பொறந்த ராத்தா தங்கச்சி! மர்சூக் எங்கட பொடியனுக்குச் சாச்சப்பா! சாச்சப்பாட மகளைக் கட்டச் செல்றியா? எழும்பு! இந்தக் கதை வெளிய போனா எங்கட மானம் என்னாகும்? எழும்பு கா!”

நதீரா சேர்மனின் மனைவி. அப்படியென்றால் பர்ஸான், சேர்மனின் மனைவிக்கு அக்கா முறையானவளின் மகன்; சேர்மன் அவனுக்குச் சித்தப்பா. பிறகு விசாரித்தபோது தெரிந்தது: பாஹிமாவின் உம்மா கலியாணம் முடித்து அட்டாளைச்சேனைக்குப் போன காலத்தில் ஏதோ மனவருத்தம் வந்து, இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போயிருக்கிறது. ஊர் மறந்துவிட்டது. சேர்மனுக்கு ஒரு அந்நியச் சாட்சி தேவைப்பட்டபோது சொந்தம் மறுபடி ஒட்டிக்கொண்டது.

றபீக்கா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினார். “தேத்தண்ணி அடுப்புல கொதிக்குது, ஒரு வாய் குடிக்க விடல்ல. எடு மனே, எடு!”

நான் ஆட்டோவை முறுக்கிக்கொண்டே கத்தினேன். “மெடம், பிடிச்சிட்டம்! பதிவு செஞ்சீங்கதானே?”

“இல்ல.”

“என்ன?”

“பதிவு செய்யல்ல.”

ஆட்டோவை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த உழவு இயந்திரக்காரன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனான்.

“ராத்தா!” பயமோ கோபமோ வந்தால் மட்டும்தான் நான் அவரை அக்கா முறை வைத்து அப்படிக் கூப்பிடுவேன். “கையில விழுந்ததை வாய்க்கால்ல போட்டுட்டு வாறீங்களே! நாளைக்குப் பாஹிமா நான் சொல்லவே இல்ல எண்டு நிப்பா!”

“நிக்கட்டும். ஒளிச்சிருந்து கேட்ட பொம்பிளைட கதையை வச்சு சேர்மனை விழுத்த ஏலாது. அவர்ட பக்கம் ஒரு மணித்தியாலத்துல அதை என்ட பொய்யெண்டு ஆக்கிரும். எனக்கு வேற ஒரு வாய் வேணும்.”

“ஆருட வாய்?”

“கூட்டத்துக்கு விடு. நேரம் போகுது.”

ஒரு குழியையும் விலக்காமல் ஆட்டோவை ஓட்டினேன். நிந்தவூர் கிட்ட வரும்போது அவராகவே சொன்னார். “கேள்வி கேக்கிற ஊர்லதான் தலைவனுக்கு வாயைக் காக்கிற பழக்கம் வரும், நிதுசன். இவரை ஆறு வருசமா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல்ல.”

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கோபத்தில் விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை.

*

கூட்டம் தோணித்துறையில், தகரக் கொட்டகைக்குள். முன்னால் மேடை. நடுவில் பெரிய கதிரை. அது சங்கத் தலைவருக்கு உரியது. அதில் சங்கத்தில் எந்தப் பதவியும் இல்லாத சேர்மன் மர்சூக் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஜவுபர், அந்தப் பக்கம் பொலிஸ் பொறுப்பதிகாரி, ஓரத்தில் கூட்டுறவுத் திணைக்களத்திலிருந்து வந்த உத்தியோகத்தர். சேர்மனின் முகநூல் பக்கத்துக்காக ஒருவன் முக்காலியில் போனைப் பூட்டி நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான். கீழே மீனவர்கள், ஒரு பக்கம் பெண்கள். சட்டத்தரணி தம்பிமுத்து இரண்டாவது வரிசையில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

மெடம் றபீக்காவை அஸ்மியாவுக்குப் பக்கத்தில், பெண்களின் முதல் வரிசையில், மேடையிலிருந்து பார்த்தால் கண்ணில் குத்தும் இடத்தில் இருத்தினார். தானும் பக்கத்தில் இருந்துகொண்டார்.

சேர்மன் அரை மணித்தியாலம் பேசினார். அபிவிருத்தி என்றார். எதிர்காலம் என்றார். எரித்தவர்கள் ஒரு பக்கம், கட்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்றார். அஸ்மியா கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சின் நடுவே அவருடைய போன் அதிர்ந்தது. பார்த்தார், வெட்டினார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி வெட்டினார்.

ஜவுபர் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். “சரி, காணிக் குத்தகைக்கு விருப்பமான ஆக்கள் கையை உயர்த்துங்க.”

முதலில் நாலைந்து கைகள். ஜவுபரின் கண்கள் வரிசை வரிசையாக நடந்தன. பிறகு பத்து, இருபது. என் பக்கத்தில் இருந்த ஒரு வயதான மீனவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

போன் மறுபடி அதிர்ந்தது. சேர்மன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு எடுத்தார். “என்ன நதீரா, கூட்டத்துல இரிக்கன்...”

மேலே பேசவில்லை. கேட்டார். அவருடைய முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் கடைசி வரிசையிலிருந்தே பார்த்தேன். கண்கள் பெண்கள் பக்கம் திரும்பின. றபீக்காவைக் கண்டன. பக்கத்தில் அஸ்மியாவைக் கண்டன. அதற்குப் பக்கத்தில் சுல்பிகா மெடத்தைக் கண்டன.

கதிரையை விட்டு எழுந்து, ஜவுபரின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தார்.

“கையைக் கீழ போடுங்க! எல்லாரும் பாருங்க, இந்த ஷரிபுதீன்ட ஆக்கள் எவ்வளவு கேவலமெண்டு பாருங்க! அரசியல்ல ஏலாமப் போய் என்ட வீட்டுக்குள்ள கை வைக்கிறாங்க! என்ட மகளை, ஒண்டும் அறியாத குமரை, அவள்ட நானாவுக்கே கலியாணம் பேசிப் போயிரிக்காங்க! மானமுள்ள ஆக்கள் செய்ற வேலையா இது?”

கொட்டகை திடுக்கிட்டது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி ஊரே அவர் பக்கம் சாய்ந்தது.

சுல்பிகா மெடம் மெதுவாக எழுந்தார். அவ்வளவு பணிவான குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

“சேர்மன், நஸ்லா உங்களுக்கு ஒரே பிள்ளை. எந்த நானாவைச் செல்றீங்க?”

“பர்ஸான்!” என்று அவர் கத்தினார். “அவள்ட பெரியம்மாட மகன்! என்ட பொஞ்சாதிட ராத்தாட மகன்! கூடப்பிறந்த மாதிரியான புள்ளைகள்...”

வாய் திறந்தபடியே நின்றது. கை நெஞ்சுக்குப் போனது. ஒலிவாங்கி கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. 

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெடம் பாஹிமாவின் வாக்குமூலத்துக்காக அட்டாளைச்சேனைக்குப் போகவேயில்லை. பாஹிமா கொதிப்பாள், நதீராவைக் கூப்பிடுவாள், நதீரா புருஷனைக் கூப்பிடுவாள் என்று கணக்குப் போட்டுத்தான் போயிருக்கிறார். வேறு எந்தக் குற்றச்சாட்டுக்கும் சேர்மன் ஆள் வைத்துப் பதில் சொல்லியிருப்பார். மகளின் மானத்துக்கு எந்தத் தகப்பனும் ஆள் வைத்துப் பேசுவதில்லை. தானே எழுந்து, தன் வாயாலேயே, தன் பக்கத்தின் நேரலையிலேயே சொல்லிவிட்டார். முக்காலிப் பையன் அணைக்க ஓடுவதற்குள் ஊரும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரும் கேட்டு முடித்திருந்தார்கள்.

“இன்னொருக்காச் செல்லுங்க சேர்மன்,” என்றார் மெடம். “பின்னுக்கு இரிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல. யாரெண்டே தெரியாத சாட்சி உங்களுக்கு என்ன முறை?”

தம்பிமுத்து ஐயா வியர்வையைத் துடைப்பதை விட்டுவிட்டு எழுந்தார். “கூட்டுறவு உத்தியோகத்தர் ஐயாவும், பொறுப்பதிகாரி ஐயாவும் கேட்டீங்கள்தானே? உங்கள் ரெண்டு பேரையும் நான் நீதிமன்றத்துக்குக் கூப்பிட வேண்டி வரும்.”

பொலிஸ் பொறுப்பதிகாரி கதிரையைச் சத்தமில்லாமல் ஓரடி நகர்த்தினார். யாரும் ஒரு கேள்வியும் கேட்காதபோதே ஜவுபர் எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

“எனக்கு இதொண்டும் தெரியா. மச்சான்தான் சாட்சி ஒழுங்கு செஞ்சது. நான் ஐஸ் யாவாரி.”

அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட இன்பத்தை மறைக்க விரும்பவில்லை. தின்ன ஆறு வருடம் ஒன்றாக இருந்தவர், ஓட ஒரு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை.

மர்சூக் மறுபடி கதிரையில் விழுந்து, ஜவுபரைப் பார்த்தார். பொறுப்பதிகாரியைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை மறுபடி எடுத்து, பழைய குரலை எங்கிருந்தோ இழுத்து வந்து சொன்னார்.

“கூட்டம் ஒத்திவைக்கப்படுது. எல்லாரும் எழும்புங்க.”

ஒருவரும் எழும்பவில்லை.

அஸ்மியா மட்டும் எழுந்தாள். பெண்கள் வரிசையைத் தாண்டி, ஆண்களுக்கு நடுவே நடந்து, மேடைப் படியில் ஏறினாள்.  அவர் கையிலிருந்த ஒலிவாங்கியை அவள் கேட்டு வாங்கவில்லை. அது இல்லாமலே பேசினாள். எல்லோருக்கும் கேட்டது.

“என்ட கலியாணத்தை நீங்க குழப்பினீங்க. அதை நான் பொறுத்திருப்பன். என்ட வாப்பாவை அங்க நிலத்துல படுக்க வச்சிங்க. மருந்துக்குக் கெஞ்ச வச்சிங்க. அதைப் பொறுக்க மாட்டன். நாளைக்கு நீதவானுக்கு முன்னால நிண்டு, அந்தப் பொடியனுக்கு நீங்க என்ன செல்லிக் குடுத்தீங்க எண்டு செல்லணும். நீங்க செல்லாட்டி அவன் செல்லுவான். ஜவுபர் இப்பவே செல்லிட்டான்.”

மர்சூக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே முதல் வரிசையில் யாரோ ஒரு மீனவர் “கேளும்” என்றார். ஒரே சொல். சேர்மன் வாயை மூடினார்.

“இது எங்கட வாப்பாட கதிரை,” என்றாள் அஸ்மியா. “எழும்புங்க.”

கொட்டகை முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, மர்சூக் எழும்பினார்.